நீட்ட வேண்டியது இடது கைதான்

கவின்,

நேற்று துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே நீ கேட்டாய்: "அம்மா, புதன்கிழமை மீட்டிங்குக்கு நீங்களும் வரீங்களா?" நான், "பாப்போம்லா, லீவு கிடைக்குதான்னு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு நழுவிவிட்டேன். கேட்டால் எனக்கு லீவு கிடைக்கும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வரப்போவதில்லை. அப்பாவும் வரமாட்டார். அந்த அறைக்குள் நீ தனியாகத்தான் போகப் போகிறாய். ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். நேரில் சொன்னால் பாதியில் எனக்குக் கோபம் வரும், இல்லையென்றால் அழுகை வரும். நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கப் போய்விடுவாய். உன்னைத் தமிழ்ப்பள்ளியில் படிக்க வைத்தது இதற்காவது உதவட்டும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு நிதானமாகப் படி.

புதன்கிழமை என்ன நடக்கும் என்று நீ எனக்குச் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். உன் துறை விரிவுரையாளர்கள் சிலர் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள், இந்தப் பக்கம் நீ. நீ கேட்டிருப்பவை மூன்று. தேர்வில் கூடுதல் நேரம், கையால் எழுதுவதற்குப் பதிலாகக் கணினியில் தட்டச்சு செய்ய அனுமதி, ஆய்வுக்கூடத்தில் உன் இன்னொரு கையாக இருக்க ஓர் உதவியாளர். இவற்றைக் கொடுத்து உன்னை வேதிப்பொறியியலில் வைத்துக்கொள்வதா, இல்லை நிர்வாகப் படிப்புக்கு மாற்றிவிடுவதா என்று அன்றைக்குப் பேசி முடிவெடுப்பார்கள். ஆக, பாசிர் கூடாங் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்து ஒன்பது வயதில் "உள்ள என்னம்மா கலக்குறாங்க?" என்று என்னைக் குடைந்தெடுத்தவன் அந்தப் படிப்பைப் படிப்பானா மாட்டானா என்பதுதான் அன்றைய விஷயம். வேறு எதையும் அந்த மேசைமேல் விழ விடாதே.

விபத்தைப் பற்றி நாம் வீட்டில் பேசுவதே இல்லை. பேசாமல் இருந்தால் அது நடக்காதது போல ஆகிவிடும் என்று நினைத்தோமோ என்னவோ. முதலாண்டு முடிந்து விடுமுறையில் வந்திருந்தாய். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கப்ச்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாசாய் கடைத்தெருவுக்குப் போனவன் திரும்பி வரும்போது லாரி ஒன்று திரும்பியது, நீ சறுக்கினாய். கழுத்திலிருந்து வலது கைக்குப் போகும் நரம்புகள் பிய்ந்துவிட்டன என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அறுவை சிகிச்சை செய்தார்கள், அதற்குப் பிறகு பயிற்சி, மறுபடியும் பயிற்சி. முழங்கை கொஞ்சம் மடங்க ஆரம்பித்தது. விரல்கள் மட்டும் எதையும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. உன் அப்பா சிங்கப்பூர் வேலைக்குத் தினமும் விடிவதற்குமுன் அதே மாதிரி ஒரு மோட்டாரில்தான் பாலம் தாண்டிப் போகிறவர். ஒரு வாரம் அவர் வண்டிச் சாவியைத் தொடவே இல்லை. பிறகு ஒரு நாள் எழுந்தார், எப்போதும் போல எதிர்காற்றுக்கு ஜாக்கெட்டை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிக்கொண்டார், போய்விட்டார். அவரிடம் அப்போது யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டிருந்தால் அழுதிருப்பார். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாம் போன முதல் கல்யாணம் சாஆ ஊரில், உன் பெரியப்பா மகள் கல்யாணம். மேடையில் பரிசு கொடுக்க வரிசையில் நின்றோம். நீ பரிசுப் பெட்டியை இடது கையால் நீட்டினாய். பெண் வாங்கக் கை நீட்டியது, பாவம், அது ஒன்றும் நினைக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரியப்பாதான் குறுக்கே வந்தார். "டேய், நல்ல காரியத்துல பீச்சாங்கையால குடுக்குற? சோத்துக் கையால குடுப்பா." அவர் கெட்டவர் இல்லை. உன் கை விஷயம் அவருக்குத் தெரியும், மருத்துவமனைக்கு வந்து பார்த்தவர்தான். ஆனால் வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. புகைப்படக்காரர் நிற்கிறார், வரிசை நிற்கிறது, உன் முகம் சிவந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "அட, இவர் யாரு இப்படிப் பேச!" என்று கேட்டேனா? இல்லை. தொங்கிக்கொண்டிருந்த உன் வலது கையைத் தூக்கிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். இரண்டு கையாலும் பணிவாகக் கொடுப்பது போல ஆகிவிட்டது. பெரியப்பா சிரித்தார், படம் எடுத்தார்கள், எல்லாருக்கும் திருப்தி. வாழையிலைப் பந்திக்கு நீ வரவில்லை, பசிக்கவில்லை என்றாய். வரும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ரொட்டி வாங்கிக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து அவ்வளவு வேகமாகத் தின்றாய். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்றைக்கு நான் அதை என் சாமர்த்தியம் என்று நினைத்தேன். அதனால் வீட்டுக்கு வந்து உனக்கு அதையே பாடமாக நடத்தினேன். இடது கையை வலது முழங்கைக்கு அடியில் கொடுத்துத் தூக்கு, சாமானை வலது உள்ளங்கையில் வை, இப்படி நீட்டு, பார்க்கிறவர்கள் "எவ்வளவு மரியாதையான பிள்ளை" என்பார்கள். கண்ணாடி முன்னால் நின்று பழகினோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ அதில் என்னைவிடக் கெட்டிக்காரன் ஆகிவிட்டாய். மற்ற நேரங்களில் கையைப் பைக்குள் வைத்துக்கொள்ள வசதியாக அந்தக் கறுப்பு ஜாக்கெட்டையும் வாங்கிக் கொடுத்தேன். இந்த ஊர் வெயிலில் ஜாக்கெட்டோடு திரிந்தாய். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். நானோ ஊர் வாயை உன் ஜாக்கெட்டால் மூடப் பார்த்தேன். நம் கோயில் ஐயர் மட்டும்தான் வித்தியாசமாக நடந்துகொண்டார். திருநீறு வாங்க நீ அந்த வித்தையைத் தொடங்கினாய். "இருப்பா, இருப்பா" என்று அவரே உன் நெற்றியில் பூசிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை, ஒரு பார்வையும் இல்லை. உனக்குக் கேட்காமலே கிடைத்தது அது ஒன்றுதான். உலகத்தில் எல்லாரும் அவரைப் போல இருப்பார்கள் என்று காத்திருந்தால் உன் தலைமுடி நரைத்துவிடும்.

இதில் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருவது எந்த இடத்தில் என்று சொல்கிறேன். நான் தொழிற்சாலையில் லைன் லீடர். என் லைனில் நேபாளத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள், இடது கைக்காரி. வந்த புதிதில் வேலை மந்தமாக இருந்தது. பார்த்தேன், சாமான் தட்டு அவளுக்கு வலது பக்கம் இருந்தது. எடுத்து இடது பக்கம் வைத்தேன், அவ்வளவுதான். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு உட்கார்ந்து செய்யும் இடம் கொடுப்போம், கண் மங்கியவர்களுக்கு விளக்கை இறக்கி மாட்டுவோம். யாரும் அதைச் சலுகை என்று சொன்னதில்லை. வேலை நடக்க வேண்டும், அதற்கு எது தேவையோ அதைச் செய்கிறோம். அதே நான் வீட்டுக்கு வந்து, என் சொந்தப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் வலது பக்கமே வைத்துவிட்டு, "நீ பழகிக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

ஒரு அரையாண்டுப் படிப்பைத் தள்ளிவைத்துவிட்டு நீ திரும்பிப் போனாய். தேர்வு வந்தது. இடது கையால் எழுதப் பழகியிருந்தாய், கோழி கிளறின மாதிரி இருந்தாலும் படிக்க முடிந்தது. ஆனால் மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பும்போது நீ பாதிப் பக்கத்தில் இருந்தாய். விடை தெரிந்த கேள்விகளை விட்டுவிட்டு எழுந்து வந்தாய். இரண்டு பாடங்கள் போயின. தொலைபேசியில் நீ சொன்னது ஒரே வாக்கியம்: "தெரியும்மா, எல்லாம் தெரியும், கை ஓடல." அன்றைக்கு இரவு முழுக்க எனக்கு அது காதிலேயே இருந்தது. அப்பா என்ன சொன்னார்? "பழகிடும்லா. அடுத்த செம் சரியாயிடும். சமாளிச்சுக்குவான்." சமாளிப்பது நம் குடும்பத்துக்குப் பெருமை. தாத்தா ரப்பர் எஸ்டேட்டில் காய்ச்சலோடு பால்வெட்டுக்குப் போனார், அப்பா மழையில் பாலம் தாண்டுகிறார், நான் முதுகு வலியோடு லைனில் நிற்கிறேன். நம்மில் யாரும் "எனக்கு இது வேண்டும்" என்று வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டால் கௌரவக் குறைச்சல். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று பழமொழி மட்டும் சொல்லுவோம். நம் வீட்டில் அழுத பிள்ளைக்கு "வாயை மூடு"தான் கிடைக்கும்.

அப்புறம் நீயாகவே ஒரு காரியம் செய்தாய். அதற்காக உன்னைப் பாராட்ட வேண்டும், அன்றைக்குப் பாராட்டவில்லை, இப்போது பாராட்டுகிறேன். மாணவர் விவகாரப் பிரிவுக்கு நீயே போய்க் கூடுதல் நேரம் கேட்டாய். அங்கே இருந்த அம்மா உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மலாயில், "பார்க்க நல்லாத்தானே இருக்கே" என்றாராம். "பேனா பிடிக்க முடியுதா?" என்று கேட்டாராம். நீ, "முடியும், சமாளிக்கிறேன்" என்று சொன்னாயாம். சரி, தேவைப்பட்டால் வா என்று அனுப்பிவிட்டார். இதை வீட்டுக்கு வந்து நீ சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது. "யாரு அந்தப் பொம்பள? கண்ணு தெரியலயா அவளுக்கு?" என்று கத்தினேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகச் சொன்னாய்: "அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நான் ஜாக்கெட் போட்டிருந்தேன். அவங்க ஒரு பேப்பர் குடுத்தாங்க. ரெண்டு கையாலயும் வாங்கினேன்."

அந்த அம்மா பார்த்தது இரண்டு கைகளைத்தான். நாம் கண்ணாடி முன்னால் நின்று பழகிய வித்தை அவ்வளவு அழகாக வேலை செய்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம், மறைத்தும் விட்டோம், பிறகு பூசணிக்காயைக் காணோமே என்று அடுத்தவளைத் திட்டினோம். மரியாதைக்குப் பழகியது உன் படிப்பில் வந்து விடிந்தது.

அடுத்த நாளே ஓ.கே.யு. அட்டை எடுப்பதென்று நான் முடிவு செய்தேன். உடற்பேறு குறைந்தவர் என்று சமூகநல இலாகா கொடுக்கும் அந்த அட்டை இருந்தால்தான் பல்கலைக்கழகத்தில் பேச்சு நகரும் என்று உன் நண்பன் சொன்னதாகச் சொன்னாய். அப்பா ஒரே குதி குதித்தார். "அட்டைய எடுத்து நெத்தியில ஒட்டிக்கிட்டுத் திரியச் சொல்றியா? நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" நான், "பொண்ணு குடுக்குறவன் அட்டைய பாக்க மாட்டான், டிகிரிய பாப்பான். அது இருக்கா மொதல்ல?" என்றேன். "சரியாப் போயிடும்னு டாக்டர் சொன்னாருல்ல!" "அவர் சொன்னது முழங்கைய." அப்படியே போனது சண்டை. அறைக்குள் நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு உன்மேல் வெட்கம் என்று மட்டும் நினைத்துவிடாதே. அந்த அட்டை வந்துவிட்டால் உன் கை இனி சரியாகாது என்று வீட்டிலுள்ளோர் எல்லாரும் கையெழுத்துப் போட்ட மாதிரி அவருக்கு. அவரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அட்டைக்கு மருத்துவர் உன்னைப் பார்த்து எழுதித்தர வேண்டும் என்று மருத்துவமனைக்குப் போனோமே, அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், உன்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். உன்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "எதெல்லாம் செய்ய முடியல?" நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் ஆரம்பித்துவிட்டேன், எழுத முடியவில்லை, தூக்க முடியவில்லை, அது முடியவில்லை, இது முடியவில்லை என்று. என் மலாய் உனக்குத் தெரியுமே, பாதி தமிழ்தான். டாக்டர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க" என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இவனைப் பெற்றவள் நான், பல் துலக்குவது முதல் படுக்கை விரிப்பது வரை பக்கத்தில் இருந்து பார்ப்பவள் நான், என்னை வெளியே உட்காரச் சொல்ல இவர் யார் என்று முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் ஒருவர் எனக்கு மிட்டாய் கொடுத்தார், அவ்வளவு கோபமாகத் தெரிந்திருக்கிறேன்.

நீ நெடுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாய். உன் கழுத்தெல்லாம் வியர்வை, ஜாக்கெட் உன் தோளில் கிடந்தது. "எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா" என்றாய். "சட்டைப் பொத்தானா?" "சொன்னேன்." "குளிக்கிறது?" "அதையும்தான்." பிறகு எனக்குத் தெரியாத இரண்டு விஷயங்களையும் சொன்னாய். விடுதியில் மாடிப்படியில் இறங்கும்போது பிடிமானம் எப்போதும் தப்பான பக்கத்தில் இருக்கிறது என்றாய். பரிசோதனைக் கூடத்தில் குடுவையைப் பிடிக்க ஆள் இல்லாமல் கூட்டாளி செய்வதைப் பார்த்துக் குறிப்பு மட்டும் எழுதுகிறாய் என்றும், அதனால் நீ செய்ததாக ஒன்றுமே பதிவாகவில்லை என்றும் சொன்னாய். உன் பக்கத்திலேயே இருந்த எனக்கு இது தெரியவில்லை. நான் அறையில் இருந்தவரை நீ இதைச் சொல்லவும் இல்லை. நான் பேசினால் நீ பேசமாட்டாய் என்று எனக்குப் புரிந்தது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான். புதன்கிழமை நான் வராமல் இருப்பதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. என் பிள்ளைக்காக நான் கத்தத் தயார், யார் மேசையையும் தட்டத் தயார். ஆனால் நான் கத்தினால் அவர்கள் என்னைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிடுவார்கள், உன்னைக் கேட்கவே மாட்டார்கள்.

அட்டை வந்தது. அப்பா அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. போன வாரம் நடந்ததை நீ கவனித்தாயோ இல்லையோ, நான் கவனித்தேன். அவர் வேலை முடிந்து வந்து வாசலில் காலணி கழற்றிக்கொண்டிருந்தார். நீ தேநீர் எடுத்துப் போனாய். வித்தை கித்தை ஒன்றும் செய்யவில்லை, இடது கையால் அப்படியே நீட்டினாய். அப்பா நிமிர்ந்து பார்த்தார். வாங்கப் போன வலது கையைக் கீழே போட்டுவிட்டு, இடது கையால் வாங்கிக்கொண்டார். பழக்கம் இல்லாததால் கொஞ்சம் சட்டையில் சிந்திவிட்டது. "சூடா இருக்குலா" என்றார். உள்ளே வந்து நான் அழுதேன், வெங்காயம் நறுக்கியதால் என்று நீ நினைத்திருப்பாய். அன்றைக்கு நான் வெங்காயமே நறுக்கவில்லை.

சரி, புதன்கிழமைக்கு வருவோம். அந்த அறையில் உன்னை விரட்டுகிற ஆள் இருந்தால் எனக்குப் பயமே இல்லை. விரட்டினால் உனக்கு ரோஷம் வரும், என் பிள்ளைதானே. எனக்குப் பயம் அந்த நல்ல மனிதரைப் பார்த்துத்தான். அதுதான், உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, "நீ ஏன் இவ்வளவு கஷ்டப்படணும்? ஆய்வுக்கூடம் ஆபத்து. நிர்வாகப் படிப்புக்குப் போனா நிம்மதியா முடிச்சிடுவே" என்று சொன்னாரே, அந்த விரிவுரையாளர். அவர் உண்மையாகவே உன் நல்லதுக்குச் சொல்கிறார். பெரியப்பாவும் நல்லவர்தான். நானும் உன் நல்லதுக்குத்தான் ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். உன் நல்லதை நினைத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து உன்னை எவ்வளவு தூரம் ஒதுக்கிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம் பார். அவர் அன்பாகப் பேசும்போது உனக்குத் தலை தன்னால் ஆடும். ஆட விடாதே. அவருக்கு நன்றி சொல். சொல்லிவிட்டு, "எனக்கு வேறு படிப்பு வேண்டாம், இந்தப் படிப்பைப் படிக்க வழி வேண்டும்" என்று சொல். அவர் ஆபத்து என்றால், எது ஆபத்து, எந்தப் பரிசோதனை, எந்த இடத்தில் என்று கேள். குடுவையைத் தாங்க ஒரு தாங்கி வைத்தால் தீருமா, ஊற்றுவதற்கு மட்டும் உதவியாளர் போதுமா என்று நீயே சொல். என்ன ஊற்ற வேண்டும், எவ்வளவு, எப்போது நிறுத்த வேண்டும் என்பது உன் மூளையில் இருக்கிறது, விரலில் இல்லை. அதைத்தான் அவர்கள் சோதிக்க வேண்டும் என்று சொல். இதையெல்லாம் என்னிடம் எவ்வளவு அழகாக விளக்கினாய், மீன் கழுவிக்கொண்டிருந்த எனக்கே புரிந்ததே!

ஜாக்கெட் உன் பையில் இல்லை. நான் எடுத்து வெளியே வைத்துவிட்டேன், தேடாதே. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போ. உட்கார்ந்ததும் வலது கையைத் தூக்கி மேசைமேல் வை, எல்லாரும் பார்க்கட்டும். முதல் நிமிடம் உனக்குக் கூசும், அவர்களுக்கும் கூசும், இரண்டாவது நிமிடத்தில் வேலையைப் பேசலாம். ஏதாவது தாள் கொடுத்தால் இடது கையால் வாங்கு, இடது கையால் கொடு. எதிரே இருப்பவர் வயதில் பெரியவராக இருந்தாலும் சரிதான். மரியாதை உன் குரலில் இருக்கட்டும். "முடியுமா?" என்று கேட்டால் "சமாளிக்கிறேன்" என்று சொல்லவே சொல்லாதே. அந்த வார்த்தையை நம் வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து தேவைக்கு மேல் பயன்படுத்திவிட்டோம். முடிவது எது, முடியாதது எது, எது கிடைத்தால் முடியும் என்று பிரித்துச் சொல். தேர்வில் உன் கை எங்கே நின்றுபோனது என்று சொல். கூடுதல் நேரம் கேட்பது மற்றப் பிள்ளைகளிடமிருந்து எதையும் பிடுங்குவது இல்லை. உனக்குத் தெரிந்ததை எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அதைத்தான் கேட்கிறாய். கெஞ்சவும் வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். பசித்தால் என்னிடம் சோறு கேட்பாயே, அந்தக் குரலில் கேள். அது கெஞ்சலா? ஒரு நாளும் இல்லை, அதிகாரம்தான்!

கொடுத்துவிட்டார்கள் என்றால் எனக்கு உடனே போன் செய், லைனில் இருந்தாலும் எடுப்பேன். கொஞ்சம் கொடுத்துக் கொஞ்சம் மறுத்தால், கொடுத்ததை வாங்கிக்கொள், மறுத்ததை விடாதே. அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே கேட்டுக்கொண்டு வா. எல்லாவற்றையும் மறுத்தால் ஏன் என்று எழுதித் தரச் சொல். வாயால் "முடியாது" என்பது சுலபம், காரணம் எழுத உட்கார்ந்தால் யோசிப்பார்கள். அதற்கும் மேலே ஆள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் மேலே இருக்கிறார்கள். நீ வீட்டுக்கு வா, இரண்டு நாள் தூங்கு, வயிறு நிறையச் சாப்பிடு, மறுபடியும் போ. வருத்தப்படலாம், அழலாம், என்னிடம் கோபப்படலாம். மாற்றுப் படிப்புக்குச் சரி என்று மட்டும் யார் முகத்துக்காகவும் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதே. உனக்கே மனதாரப் பிடித்து மாறினால் அது வேறு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அப்படி இல்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. போன மாதம் நீ என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாயே, "அம்மா, அங்க ஒத்துவரலன்னா உங்க ஃபேக்டரியில எனக்கு ஆபீஸ் வேலை ஏதும் கிடைக்குமா, கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்" என்று. நானும் கேட்டு வைக்கிறேன் என்று சொன்னேன். இரண்டு தடவை நீ விசாரித்தபோதும், "சொல்லி வச்சிருக்கேன்லா" என்றேன். பொய். நான் யாரிடமும் கேட்கவில்லை. புதன்கிழமைக்குப் பிறகும் கேட்கமாட்டேன்.

போய் வா.

அம்மா